பாரதி பிறந்த வீட்டுக்குள் சிமெண்ட் மூட்டை நுழையக் கூடாது

எட்டயபுரத்தில் பாரதியார் பிறந்த வீட்டைப் பராமரிப்பவர்களுக்கும், அதன் பழுதுபார்ப்புக்கு எஸ்டிமேட் போடும் பொறியாளர்களுக்கும், அந்த எஸ்டிமேட்டில் கையெழுத்திடும் உயர் அதிகாரிகளுக்கும்,

2025 மார்ச்சில் அந்த வீட்டு மாடியின் மேற்கூரை இடிந்து விழுந்தது. சின்னசாமி ஐயருக்கும் லட்சுமி அம்மாளுக்கும் 1882 டிசம்பர் 11 அன்று மகன் பிறந்த வீடு அது. 1973இல் அரசு அதை நினைவில்லமாக்கியது. தனியார் வீடாக இருந்திருந்தால் பங்காளிச் சண்டை, கையில் காசில்லை என்று எதையாவது சொல்லிக்கொள்ளலாம். இது ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அரசின் கையில் இருக்கும் வீடு. பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போகும் வீடு. அப்படிப்பட்ட வீட்டின் கூரை ஒரே நாளில் கெட்டுப்போவதில்லை. கெடுவதற்குப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும், அத்தனை ஆண்டும் அடையாளம் காட்டிக்கொண்டே இருக்கும்.

ஆகவே "பழைய வீடு, வயதாகிவிட்டது, விழுந்துவிட்டது" என்ற விளக்கத்தை, சுண்ணாம்பு வேலையும் மரவேலையும் பார்க்கும் எங்களால் ஏற்க முடியாது. சுண்ணாம்புக் காரைக் கட்டடம் வயதால் விழாது. தண்ணீரால் விழும், தண்ணீர் வெளியேறும் வழியை அடைத்தவர்களால் விழும்.

தென்மாவட்டத்து மச்சு வீடுகளின் கூரை எப்படி நிற்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். எஸ்டிமேட் போடுகிறவர்களில் பலர் இதைக் கல்லூரியில் படித்திருக்க வாய்ப்பில்லை என்பதால்தான் சொல்கிறோம், குறை சொல்வதற்காக அல்ல. புத்தகங்களில் இதன் பெயர் மெட்ராஸ் டெரஸ். கொத்தனார் பேச்சில் கட்டைக்குத்து. சுவருக்குச் சுவர் உத்திரம். அதன்மேல் ஒன்றேகால் அடி, ஒன்றரை அடி இடைவெளியில் கட்டைகள். தேக்கு கிடைத்தவர்கள் தேக்கு போட்டார்கள், மற்றவர்கள் வேங்கையோ வைரம் பாய்ந்த பனையோ போட்டார்கள். கட்டைகளின் மேல் 6 அங்குலம் நீளம், 3 அங்குலம் அகலம், 1 அங்குலம் கனமுள்ள சின்னச் செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் தோய்த்து, படுக்க வைக்காமல் குத்தாக நிறுத்தி, மூலைவாட்டில் அடுக்குவார்கள். ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லைப் பிடித்துக்கொள்ளும். கீழே பலகை அடிக்க வேண்டியதில்லை. அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரையை 4 அங்குலத்துக்குக் கொட்டி, மரக்கட்டையால் அடித்து 3 அங்குலமாக இறுக்குவார்கள். அடிக்கிற நாளெல்லாம் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் தெளிப்பார்கள். கடைசியில் இரண்டு மூன்று வரிசைத் தட்டோடு, சந்துக்கு மேல் சந்து வராமல். அதற்கு மேல் மெல்லிய பூச்சு, தண்ணீர் ஓடும் வாட்டத்தோடு.

இந்தக் கூரை மொத்தம் 8 அங்குலத்துக்குக் குறையாது. எடை, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 400 கிலோ. பத்துக்குப் பத்து அறையின் தலைமேல் மூன்றரை டன்னுக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். அந்த எடையைத் தாங்கத்தான் கட்டை நெருக்கமாகப் போட்டார்கள். அவர்கள் கணக்கு சரியாகவே இருந்தது. அதைக் கெடுத்தவை பின்னால் வந்த பழுதுபார்ப்புகள்.

மட்டப்பாவில், அதாவது மொட்டைமாடித் தளத்தில், மயிரிழை வெடிப்பு விடும். காரைக் கூரையில் அது இயல்பு; ஆண்டுக்கு ஒருமுறை சுண்ணாம்புப் பாலை ஊற்றித் தேய்த்தால் மூடிக்கொள்ளும். அதைச் செய்யாமல் ஒழுகும்வரை விட்டுவிட்டு, ஒழுகியதும் இரண்டு அங்குலத்துக்குச் சிமெண்ட் தளம் போடுவதுதான் நாடு முழுக்க நடக்கிற வைத்தியம். இரண்டு அங்குலச் சிமெண்ட் சதுர மீட்டருக்கு 110 கிலோ. முன்சொன்ன அறைக்கு மட்டும் ஒரு டன் கூடுதல் சுமை. அதோடு நிற்பதில்லை. சிமெண்ட் வெயிலில் விரியும் அளவும் காரை விரியும் அளவும் வேறு. இரண்டு கோடைக்குள் சிமெண்ட் தளம் வெடிக்கும். வெடிப்பு வழியே இறங்கிய மழைத்தண்ணீர் கீழே காரையில் தங்கும். மேலே மூடி இருப்பதால் வெயில் அதை உலர்த்த முடியாது. நாட்டுச் செங்கல் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை தண்ணீரை உறிஞ்சும். ஆக, சுமை இன்னும் ஏறும். மறுபடி ஒழுகும். மறுபடி தார்ப்பூச்சோ சிமெண்டோ.

இவ்வளவு தண்ணீரும் கடைசியில் போய்ச் சேரும் இடம் உத்திரத்தின் முனை. சுவருக்குள் அரை அடி, முக்கால் அடி செருகியிருக்கும் அந்த முனைதான் மரக்கூரையின் உயிர்நிலை. அதைச் சுற்றிக் காற்றுக்கு இடம் விட்டிருப்பார்கள். பின்னால் வந்தவர்கள் பல்லியும் எலியும் போகிறது என்று அந்த இடைவெளியைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிடுவார்கள். பிறகு முனை உள்ளே இருட்டில் ஈரத்தில் மக்கும், கரையான் ஏறும். வெளியே தெரியும் பாகம் வார்னிஷ் பளபளப்போடு அப்படியே இருக்கும். கீழே நின்று பார்க்கும் அதிகாரிக்கு உத்திரம் கெட்டியாகத் தெரியும். அதனால்தான் இந்தக் கூரைகள் மழை பெய்யும் நாளில் மட்டும் விழுவதில்லை, மழைக்காலம் முடிந்து பல மாதம் கழித்து ஒரு சாதாரண நாளிலும் விழுகின்றன. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எட்டயபுரம் இருக்கும் தூத்துக்குடி மாவட்டத்தில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 94 சென்டிமீட்டரைத் தாண்டியது. அப்படியொரு மழைக்குப் பிறகு மாவட்டத்திலுள்ள ஒவ்வொரு பழைய அரசுக் கட்டடத்தின் உத்திர முனையையும் ஊசியால் குத்திப் பார்த்திருக்க வேண்டும். ஒரு தச்சரும் ஒரு ஏணியும் போதும்.

அடுத்தது மண். எட்டயபுரம் கரிசல் பூமி. மழைக்கு ஊதும், கோடைக்குச் சுருங்கி வாய்பிளக்கும். அந்த மண்ணின் மேல் நிற்கும் சுவர் ஆண்டுக்கு ஒருமுறை கொஞ்சம் அசைந்தே தீரும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் வெடிப்பு அதைத்தான் காட்டுகிறது. சுண்ணாம்புச் சாந்து அந்த அசைவுக்கு இடம் கொடுத்து, வெடிப்பு சிறிதாக இருந்தால் தானே மெல்ல மூடிக்கொள்ளவும் செய்யும். சிமெண்ட் இடம் கொடுக்காது. அப்போது சாந்துக்குப் பதில் செங்கல் உடையும். சுவரடியில் தண்ணீர் தேங்காமல் இருந்தாலே அசைவில் பாதி குறைந்துவிடும். ஆனால் நம் ஊர்த் தெருக்களில் பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே தார் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துகொண்டே போகிறது. வாசற்படி ஒவ்வொன்றாகப் புதைகிறது. தெருத் தண்ணீர் வீட்டுச் சுவரைத் தேடி வருகிறது. கூரைக்குக் கோடி ரூபாய் ஒதுக்கிவிட்டு வாசல் வடிகாலைப் பார்க்காமல் விட்டால் அந்தப் பணம் வீண்.

இப்படி ஒரு வீடு விழுந்ததும் வழக்கமாக இரண்டு யோசனைகள் வரும். ஒன்று, சுவர்களை அப்படியே வைத்துக்கொண்டு மேலே கான்கிரீட் தளம் போட்டுவிடலாம் என்பது. 5 அங்குலக் கான்கிரீட் சதுர மீட்டருக்கு 310 கிலோதான், பழைய கூரையைவிட இலேசானது என்று பொறியாளர்கள் சொல்வார்கள். உண்மைதான். சிக்கல் எடையில் இல்லை. 10 மீட்டர் நீளத் தளம், 30 டிகிரி வெப்ப மாற்றத்துக்கு 3 மில்லிமீட்டர் நீளும், சுருங்கும். மரக்கூரையில் ஒவ்வொரு கட்டையும் தனித்தனியாக அசையும். கான்கிரீட் தளம் ஒரே துண்டாகச் சுவரின் தலையைத் தள்ளும், இழுக்கும். மண் சாந்திலோ சுண்ணாம்புச் சாந்திலோ கட்டிய சுவர் அதைப் பொறுக்காது. சில ஆண்டுகளில் தளத்துக்கு அடியில் சுவர் நெடுக ஒரு கிடைக்கோடு விழும். கரிசல் மண் அசைவும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். தளத்தை உட்கார வைக்கப் பழைய சுவரை வரிசையாக வெட்டுவது வேறு.

இன்னொரு யோசனை, மொத்தமாக இடித்துவிட்டு "பழமை மாறாமல்" புதிதாகக் கட்டுவது. அந்தச் சொல்லைக் கேட்டாலே எங்களுக்குப் பயம். புதுச்சேரியில் கடற்கரையோரம் இருந்த மேரி கட்டடம் 1870களைச் சேர்ந்தது. 2014 நவம்பர் மழையில் இடிந்தது. பல ஆண்டு கழித்து அதே இடத்தில் அதே தோற்றத்தில் எழுப்பி 2021இல் திறந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அழகாகத்தான் இருக்கிறது. பழைய கட்டடம் மட்டும் அங்கே இல்லை. அங்கே எல்லாம் விழுந்துபோனது என்றாவது சொல்லலாம். எட்டயபுரத்தில் விழுந்தது ஒரு பகுதி. நிற்கிற சுவர்களை இடித்துவிட்டுப் போலிக்குப் போக எந்தக் காரணமும் கிடையாது. பாரதி பிறந்த வீட்டைப் பார்க்க வருகிறவர் 2020களில் கட்டிய மாதிரி வீட்டைப் பார்த்துவிட்டுப் போவதென்றால் அதற்கு ஒரு படமே போதும்.

முடியாது, ஆளில்லை, சுண்ணாம்பு கிடைக்காது என்ற பதிலும் வேண்டாம். சேப்பாக்கம் அரண்மனையின் கலசமகால் 2012 ஜனவரியில் தீப்பிடித்து எரிந்தது. மரக்கூரை முழுக்கப் போய்விட்டது. அதை மெட்ராஸ் டெரஸ் கூரையோடும் சுண்ணாம்புப் பூச்சோடும் மீட்டெடுத்தது நம் பொதுப்பணித் துறைதான். பக்கத்திலிருக்கும் ஹுமாயூன் மகாலையும் அப்படியே செய்தார்கள். இந்தியத் தர நிர்ணயத்தில் மெட்ராஸ் டெரஸுக்கென்றே 2119 என்ற எண்ணில் செயல்முறை விதி இருக்கிறது. கூரைக்குச் சுண்ணாம்புக் காரை போடும் முறைக்கு 3036. கட்டடச் சுண்ணாம்பின் தரத்துக்கு 712. தலைநகரில் நவாபு அரண்மனைக்குச் செய்த வேலையை எட்டயபுரத்தில் ஒரு சின்ன வீட்டுக்குச் செய்ய முடியாதா?

வேலை எப்படி நடக்க வேண்டும் என்பதில் முதல் படியிலேயே தவறு நடக்கும் என்பதால் அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறோம். விழுந்த இடிபாடு குப்பை அல்ல. டிராக்டரில் அள்ளிக்கொண்டுபோய்க் கண்மாய்க் கரையில் கொட்டும் பொருளும் அல்ல. எந்த உத்திரம் எந்தச் சுவரிலிருந்து வந்தது என்று ஒவ்வொரு மரத்துக்கும் எண் போட்டு, தரையில் படாமல் கட்டை வைத்து அடுக்க வேண்டும். குத்துச் செங்கலில் உடையாதவற்றைப் பொறுக்கித் தனியே வைக்க வேண்டும். அந்த அளவில் இன்று சூளையில் தனியாகச் சொல்லித்தான் அறுக்க முடியும். காரைக் கட்டிகளில் நாலைந்தை எடுத்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு கரைந்து மணலும் செங்கல் துணுக்கும் அடியில் நிற்கும். போடும் முன் கட்டியையும், பின் அடியில் நின்றதையும் எடை போட்டால் பழைய கொத்தனாரின் கலவை விகிதம் கையில் கிடைத்துவிடும். கடலோரத்துச் சிப்பிச் சுண்ணாம்பா, உள்ளூர்க் கல் சுண்ணாம்பா என்பதையும் அமிலத்தில் போடும் முன் கட்டியில் தெரியும் துணுக்குகளை வைத்துப் பெரும்பாலும் சொல்லிவிடலாம். இடிபாட்டை அள்ளிக் கொட்டிவிட்டால் இந்தத் தகவல் முழுக்கப் போய்விடும். பிறகு ஒப்பந்ததாரர் சொல்வதுதான் விகிதம்.

நிற்கும் சுவர்களுக்கும் மிஞ்சிய கூரைக்கும் உடனே முட்டுக் கொடுக்க வேண்டும். இரும்புக் குழாய் முட்டின் தலையில் பலகை வைக்காமல் நேரே உத்திரத்தில் முட்டினால் அந்த இடத்தில் மரம் நசுங்கும். இதைப் பல இடங்களில் பார்க்கிறோம்.

மரத்தில் முனை மட்டும் மக்கியிருந்தால் முழு உத்திரத்தையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. மக்கிய பாகத்தை அறுத்து, அதே சாதி மரத்தில் சாய்வு ஒட்டுப் போட்டு, துருப்பிடிக்காத எஃகுப் போல்ட்டால் முறுக்கலாம். சுவருக்குள் போகும் முனைக்குக் கீழே ஒரு கல்பலகை. இரு பக்கத்திலும் மேலேயும் ஒரு விரற்கடைக் காற்றிடம். மரத்தின் ஈரப்பதத்தை மீட்டர் வைத்துப் பார்த்து, உலர்ந்த மரத்தைத்தான் ஏற்ற வேண்டும். பச்சை மரத்தை ஏற்றினால் மேலே காரை இறுகும் நேரத்தில் கீழே கட்டை முறுக்கிக்கொள்ளும். புதுக் கூரை முதல் மழைக்கே ஒழுகும். அப்போது பழி சுண்ணாம்பின் மேல் விழும்.

சுண்ணாம்பைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. கடையில் பொட்டலமாக விற்கும் நீற்றிய தூளை வாங்கி அன்றே கலப்பது சுண்ணாம்பு வேலை ஆகாது. சுட்ட சுண்ணாம்பைத் தொட்டியில் நீற்றி, சல்லடையில் வடித்து, தண்ணீர் மூடிய நிலையில் குறைந்தது ஒரு மாதம் ஊற விட வேண்டும். நீறாத குருணை உள்ளே இருந்தால் பூசிய பிறகு அது மெல்ல நீறி ஊதும். சுவரில் காசு காசாகப் பூச்சு தெறித்து விழும். மணலோடு சேர்த்து அரைத்த பிறகே கலவை கைக்கு வரும். செக்குக்குப் பதில் இன்று உருளை மில் இருக்கிறது, அது போதும். எம்-சாண்ட் (கல் உடைத்துச் செய்யும் மணல்) என்றால் கழுவி, பொடி நீக்கியது மட்டும். பூச்சு ஒரு கைக்கு, அதாவது ஒரு தடவைக்கு, அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. அடுத்த கைக்கு ஒரு வாரமாவது விட வேண்டும். ஐப்பசியில் தொடங்கினால் எதுவும் இறுகாது. தை மாதம் கூரையில் ஏறி ஆடிக்குள் இறங்குவதாக வேலை அட்டவணை இருக்க வேண்டும். திறப்பு விழாத் தேதியை முதலில் குறித்துவிட்டுப் பின்னோக்கி நாள் கணக்குப் போட்டால் வேலை கெடும். அவசரத்துக்கு ஒரு சட்டி சிமெண்ட் கலவைக்குள் போகும். எஸ்டிமேட்டில் சுண்ணாம்பு, களத்தில் சிமெண்ட் என்ற கதையின் தொடக்கம் எப்போதும் இந்த ஒரு சட்டிதான்.

உள்ளே கிரானைட் தரை, பளபளக்கும் டைல்ஸ், பிளாஸ்டிக் பெயிண்ட் ஆகியவற்றையும் நினைவில்லங்களுக்கு அலங்காரமாகச் செய்துவிடுகிறார்கள். தரை வழியே மூச்சு விட முடியாத ஓதம் (மண்ணின் ஈரம்) சுவர் வழியே ஏறும். பெயிண்ட் அதையும் மறித்தால் உப்புப் பூத்துச் சுவர் பொரியும். வெள்ளையடித்தால் போதும், ஆண்டுக்கு ஒருமுறை.

எங்கள் கோரிக்கைகளைச் சொல்லி முடிக்கிறோம்.

நின்றிருக்கும் சுவர்களில் எதையும் இடிக்க மாட்டோம் என்பதை எழுத்தில் அறிவியுங்கள். கூரை மரமும் காரையுமாகவே திரும்ப வர வேண்டும். ஏற்கெனவே வேறு முறையில் எஸ்டிமேட் போட்டிருந்தால் அதைத் திரும்பப் பெற்றுத் திருத்துங்கள். மரபுக் கட்டடங்களைக் காக்க 2012இல் தனிச் சட்டமே இயற்றிய மாநிலம் இது. 1882இலேயே நின்றிருந்த வீட்டைச் சாதாரண ரிப்பேர்க் கணக்கில் வைக்காதீர்கள்.

டெண்டரைக் குறைந்த விலை ஒன்றை மட்டும் பார்த்துக் கொடுக்காதீர்கள். விலை திறப்பதற்கு முன், ஒவ்வொரு ஒப்பந்ததாரரின் கொத்தனாரும் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் அளவில் கட்டைக்குத்துக் கூரையும் மூன்று கைப் பூச்சும் செய்து காட்டட்டும். ஒரு மாதம் வெயிலில் போட்டுத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தேறாதவரின் விலை உறையைத் திறக்கவே வேண்டாம். தேறியவர் வேலையை வேறொருவருக்குக் கைமாற்றக் கூடாது.

வேலை நடக்கும் நாளெல்லாம் பழங்கட்டட அனுபவமுள்ள பொறியாளர் ஒருவர் களத்தில் இருக்க வேண்டும். அளவு வரைபடங்கள், கலவைச் சோதனை முடிவு, எந்த மரம் மாற்றப்பட்டது, எது ஒட்டுப் போடப்பட்டது என்ற பதிவு ஆகியவை எட்டயபுரத்திலேயே பொதுமக்கள் பார்க்கும்படி வைக்கப்பட வேண்டும். சிமெண்ட் மூட்டை அந்த வளாகத்துக்குள் வரக் கூடாது என்பதை ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனையாகவே எழுதுங்கள். கழிப்பறைக்கு, சுற்றுச்சுவருக்கு என்று விலக்குக் கொடுத்தால் அது வீட்டுக்குள் நடந்துவிடும்.

கூரையோடு சேர்த்து வாசல் தெருவின் மட்டத்தைச் சுரண்டிக் குறைத்து, சுவரைச் சுற்றி வடிகால் அமையுங்கள். சுவரை ஒட்டிக் கான்கிரீட் போடாமல், இரண்டடி அகலத்துக்குச் சரளை போட்டுவிட்டு அதற்கு அப்பால் ஓடை. மாடியில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் ஏறலாம் என்பதைக் கணக்கிட்டு வாசலில் எழுதி வையுங்கள்.

ஆண்டுதோறும் புரட்டாசிக்குள் மட்டப்பாவிலிருந்து தண்ணீர் வெளியேறும் தூம்புகளைச் சுத்தம் செய்வது, கைப்பிடிச்சுவரில் முளைத்த அரசங்கன்றை வேரோடு எடுப்பது, வெடிப்புக்குச் சுண்ணாம்புப் பால் ஊற்றுவது, உத்திர முனைகளைச் சோதிப்பது ஆகிய நான்கு வேலைகளுக்கும் தனி நிதித் தலைப்பும், பொறுப்பான அலுவலரின் பதவிப் பெயரும் வேண்டும். மழைக்குப் பின் தை மாதம் இன்னொரு முறை சோதனை. இரண்டின் அறிக்கையும் வீட்டு வாசலில் ஒட்டப்பட வேண்டும்.

இதே சோதனையை அரசின் பொறுப்பிலுள்ள மற்ற நினைவில்லங்களிலும், மரக்கூரை உள்ள ஒவ்வொன்றிலும், அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடித்து முடிவை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தென்மாவட்டங்களில் பழங்கட்டடப் பணி செய்யும் கொத்தனார்கள், தச்சர்கள், பொறியாளர்கள்